மிதவையா, தகடா, குழாயா: சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எந்தப் பெட்ரோல் மானி?

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் எந்த எஞ்சின், எந்தத் திரை என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பெட்ரோல் மானி மட்டும், பாகங்கள் அடங்கிய கிட்டில் என்ன வந்ததோ அதுதான். ஆனால் டேங்க்கை சீலன்ட் (கசிவடைக்கும் பசை) பூசி மூடிவிட்டால் சில வாய்ப்புகள் அத்தோடு போயின. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறக்கை கீழே என்றால் மிதவை, மேலே என்றால் குழாய், இரண்டிலும் துணைக்கு, எஞ்சினுக்கு ஓடும் பெட்ரோலை எண்ணும் ஒரு ஃப்ளோ மீட்டர். தகடு வகையும் நல்ல சரக்குதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

மிதவை சென்டர் (sender, டேங்க்கின் மட்டத்தை மானிக்குச் சொல்லும் உறுப்பு) என்பது கம்பி முனையில் ஒரு மிதவை, மறுமுனையில் மாறும் மின்தடை, அவ்வளவுதான். அமெரிக்க வகையில் டேங்க் காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வகை ஒன்று இதற்கு நேர்மாறு: காலிக்கு 10, நிறைவுக்கு 180. வாங்கும்போதே மானியும் சென்டரும் ஒரே இனமா என்று பார்த்துவிட வேண்டும். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பழுது பார்த்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். 240-33 வகையில் இன்னொரு நல்ல குணமும் உண்டு: வயர் அறுந்தால் முள் ‘காலி’க்குப் போகும். சென்டரை விமான உடலோடு சேர்க்கும் கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனாலும் அப்படியே. கேஸ்கெட்டும் சீலன்ட்டும் மின்சாரத்தைத் தடுப்பதால் இது அடிக்கடி நடக்கும், தனியாக ஒரு கிரவுண்ட் வயர் இழுத்துவிடுவது உத்தமம். பயப்பட வேண்டியது வயர் உரசித் தோல் போய் உலோகத்தில் படுவதற்குத்தான். அப்போது முள் ‘நிறைவு’ என்று சாதிக்கும்.

குறை என்று எல்லோரும் சொல்வது, மேல்மட்டம் தெரியாது என்பதை. இறக்கை நுனிப்பக்கம் உயர்ந்திருக்கும், சென்டரோ விமான உடலை ஒட்டிய பக்கம் உட்கார்ந்திருக்கும். அதனால் பல லிட்டர் எரிந்து தீரும்வரை முள் அசையாது. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. டேங்க் நிறைந்திருக்கிறதா என்பதை மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம். அடிமட்டம்தான் உயிர் விஷயம். மிதவை தரையைத் தட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும்படி கம்பியை வளைப்பதில் ஒரு மாலை போனாலும் பரவாயில்லை.

தகடு வகையில் நகரும் உறுப்பே கிடையாது. இரண்டு தகடுகள் அல்லது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள், இடையில் பெட்ரோல். இடையில் இருக்கும் பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்பதைச் சொல்வது மின்காப்பு மாறிலி: காற்றுக்கு அது 1, பெட்ரோலுடையது ஏறக்குறைய 2. மட்டம் ஏற ஏற மின்தேக்கத் திறன் கூடுவதை ஒரு சின்னப் பெட்டி வோல்ட்டாக மாற்றித் தரும். குழாயை வளைத்து டேங்க்கின் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைவரை கொண்டுபோகலாம் என்பதால், மிதவை காட்டாத மேல்மட்டத்தையும் இது காட்டும். சிக்கல் எரிபொருளில். எத்தனால் மாறிலி 24-ஐ ஒட்டியது, தண்ணீருக்கு 80. ஏவ்காஸில் (விமானப் பெட்ரோலில்) அளவு திருத்திவிட்டு எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால், இல்லாத லிட்டரை இருப்பதாகக் காட்டும். ஒரே எரிபொருளோடு வாழ முடிந்தவர்கள் தாராளமாக மாட்டலாம். தகடுகளாக வைப்பதென்றால் டேங்க்கை மூடுவதற்கு முன்பே உள்ளே வைத்துவிட வேண்டும்.

குழாய் வகையில் மின்சாரமே இல்லை, டேங்க்கோடு இணைந்த ஒளி ஊடுருவும் குழாயில் மட்டத்தை நேரில் பார்க்கிறோம். இறக்கை மேலே இருந்தால் அது விமானியின் கண்ணுக்கு எட்டும். இதைவிட எளிமை வேண்டுமென்றால் பைப்பர் ஜே-3 கப்தான்: தக்கையில் ஒரு கம்பி, அது டேங்க் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் குழாயில் கோடு போடாமல் விடுவது மானியே இல்லாததற்குச் சமம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று லாங்-ஈஸி என்ற, சொந்தமாகக் கட்டும் வகை விமானத்தில் கலிஃபோர்னியாவின் மான்டரே அருகே கடலில் விழுந்து இறந்தார். கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் இருந்த டேங்க் மாற்றும் கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்ததாகச் சொல்லப்பட்டது. குறியிடப்படாத பார்வைக் குழாய்களையும் விசாரணை அறிக்கை சேர்த்தே சொன்னது.

ஃப்ளோ மீட்டர் டேங்க்கைப் பார்ப்பதில்லை, எரிந்ததை மட்டும் எண்ணும். 50 லிட்டர் எரிந்ததாக அது சொல்லி, நிரப்பும்போது 48 மட்டுமே பிடித்தால், அதன் கே எண்ணை (ஒரு லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு) 50/48-ஆல் பெருக்க வேண்டும். சில முறை இப்படித் திருத்திவிட்டால் எந்த மானியும் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் மூடி வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வெளியே போனால் இதற்குத் தெரியவே தெரியாது. அதற்காகத்தான் டேங்க் மானி. எஞ்சினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் குழாய் இருந்தால் இரண்டு சென்சார் மாட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அளவு திருத்துவது எல்லா வகைக்கும் ஒன்றுதான். வால்சக்கர விமானம் என்றால் வாலைத் தூக்கி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். டேங்க்கை வடித்துவிட்டு, எஞ்சினுக்குப் போய்ச் சேராத அந்தக் கடைசி அளவை மட்டும் முதலில் ஊற்றுங்கள். அதுதான் உங்கள் பூஜ்யம். பிறகு அடியில் இரண்டிரண்டு லிட்டராக, மேலே போகப் போக ஐந்தைந்தாக. ஒவ்வொரு முறையும் இறக்கையை லேசாக அசைத்து, மட்டம் அடங்கியபின் ஓர் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றும் வேலை என்பதால் வெட்டவெளியில், கேனையும் டேங்க்கையும் வயரால் இணைத்துவிட்டு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க மட்டுமே செய்யுங்கள். பிளாஸ்டிக் புனல் கூடாது. அப்படியே வால் தரையில் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்பதையும் தனி வரிசையில் எழுதிவைத்தால், கிளம்புவதற்கு முன் டேங்க்கைச் சரிபார்க்கும்போது அந்த அட்டைதான் கைகொடுக்கும்.