மாக்ஸ் வான் சிடோவுக்காக ஒரு புளூரே பெட்டி

'இங்மார் பெர்க்மன்ஸ் சினிமா' என்ற இந்தப் புளூரே தொகுப்பு 2018 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. 39 படங்கள், 30 டிஸ்க்குகள், கூடவே 248 பக்கத்தில் ஒரு புத்தகம். அட்டை விலை 299.95 டாலர். பெட்டி மேல் இருப்பது ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் பெயர்தான். ஆனால் நான் வாங்கியது மாக்ஸ் வான் சிடோ என்ற நடிகருக்காக. பெர்க்மன் இயக்கத்தில் அவர் நடித்த 11 சினிமாக்களும் இதில் இருக்கின்றன. நடிப்பில் ஆசை உள்ளவர்களுக்கு அந்தப் பதினொன்றுக்காகவே இந்த விலை தகும் என்பேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. புளூரே டிஸ்க்குகளை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டி 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். நம் கடைகளில் வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் ஓடாது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். அதை உறுதி செய்துகொண்ட பிறகு பெட்டிக்குப் பணம் கட்டுங்கள். எனக்கு டல்லாஸில் இருக்கும் சகலை ஊருக்கு வந்தபோது தூக்கி வந்தார். நல்ல கனம். டிஸ்க்குகள் ஆல்பம் மாதிரி அட்டைப் பக்கங்களில் செருகியிருக்கும். விளிம்பைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

சரி, நடிகருக்கு வருவோம். ஈரோட்டில் எனக்குப் பகலில் மஞ்சள் மண்டி, ராத்திரியில் நாடக ஒத்திகை. அதனால் இவரை நான் பார்த்தது மேடைக்காரன் கண்ணோடுதான். வான் சிடோ 1929இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிறந்தவர். அப்பா நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர். பள்ளிக்கூட நாளிலேயே நண்பர்களோடு நாடகக் குழு தொடங்கி, ஸ்டாக்ஹோமில் அரசு நாடக அரங்கின் பள்ளியில் முறையாகப் படித்தார். 1955இல் மால்மோ நகர அரங்கில் சேர்ந்தார். அங்கேதான் பெர்க்மன் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க நாடகம், கோடை வந்தால் அதே ஆட்களை வைத்து சினிமா. இப்சனின் பியர் கிந்த், மோலியேரின் அல்செஸ்ட், கதேயின் ஃபவுஸ்ட் என்று பெரிய வேடங்களையெல்லாம் இவர் மால்மோவில் கட்டியது 1957, 58இல். 'தி செவன்த் சீல்' படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரனாக உலகத்துக்குத் தெரியவந்ததும் அதே 1957தான்.

அதே வருஷம் வந்த 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தில் இவருக்கு என்ன வேடம் தெரியுமா? பெட்ரோல் பங்க்காரர். கொஞ்ச நேரம்தான் வருகிறார். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்த்த வயதான டாக்டர் காரில் வந்து நிற்க, பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்கிறார். நாயகனாக ஒரு படம் வெளிவந்த கையோடு இத்தனை சின்ன வேடமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். நாடகக் குழுவில் இன்றைக்கு ராஜா, நாளைக்குக் காவல்காரன். அந்தப் பழக்கம் அவரிடம் சினிமாவிலும் அப்படியே இருந்திருக்கிறது.

இந்தப் பெட்டியில் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் 'தி விர்ஜின் ஸ்பிரிங்' (1960) பாருங்கள். மகளைச் சீரழித்துக் கொன்றவர்கள் தெரியாமல் அவள் வீட்டிலேயே வந்து தங்குகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அப்பன் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வெளியே போகிறான். மேட்டில் தனியாக ஒரு இளம் பூர்ச்ச மரம். அதைத் தள்ளுகிறான், இழுக்கிறான், வளைத்து ஒடிக்கப் பார்க்கிறான். கடைசியில் மரமும் அவனுமாகக் கீழே விழுகிறார்கள். அந்தக் கிளைகளை வெட்டி எடுத்துப் போய், குளித்துச் சுத்தமாகி, அப்புறம்தான் கத்தியை எடுக்கிறான். கூடவே உட்கார்ந்து பார்த்த அக்கா மகன், "மாமா, இவரு எதுக்குங் மரத்தோட மல்லுக்கட்டறாரு?" என்றான். "பேசாம பாரு மாப்ள" என்றேன். கொலை முடியும்போது அவனுக்கே புரிந்துவிட்டது.

அண்ணமார் கோயில் படுகளத்தில், அண்ணமார் கதைப் பாட்டுக்கு அருள் வந்து செத்தவர் மாதிரி விழுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். உடுக்கை ஏற ஏற முதலில் உடம்புக்குத்தான் தெரியும், முகம் அப்புறம்தான் மாறும். இங்கே உடுக்கை இல்லை, பாட்டு இல்லை. உடம்பு மட்டும் அதே வேலையைச் செய்கிறது. நடிக்கும்போது அவருக்கு முப்பது வயதுதான்.

அந்தப் படத்தின் முடிவில் மகள் உடலுக்குப் பக்கத்தில் அவர் கடவுளோடு பேசுகிறார். பேசும்போது நமக்கு முதுகைத்தான் காட்டுகிறார். சபைக்கு முதுகு காட்டாதே என்பதுதான் நான் புதுப் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அதை மீறியும் அந்தத் தோளும் குனிந்த தலையும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. எங்கள் குழுவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

'வின்டர் லைட்' (1963) படத்தில் இன்னும் குறைவு. சீனாவின் அணுகுண்டை நினைத்துப் பயந்து மருகும் மீனவன். வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். ஆறடி நாலு அங்குல ஆள் பாதிரியார் எதிரில் எப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். 'ஷேம்' (1968) படத்தில் பயந்தாங்கொள்ளி இசைக்கலைஞன் கொலைக்குத் துணிந்தவனாக மாறுவதும் தவறவிடக் கூடாதது. 'தி டச்' (1971) எனக்கு ஒட்டவில்லை.

படங்களை வருஷ வரிசையில் அடுக்காமல், தொடக்க இரவு, நிறைவு இரவு என்று திரைப்பட விழா போல அடுக்கியிருக்கிறார்கள். பெர்க்மனைப் பார்க்க அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். ஒரு நடிகர் வளர்ந்த வழியைப் பார்க்க உதவாது. 1957இலிருந்து 1971 வரை நீங்களே ஒரு தாளில் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு அந்த வரிசையில் போடுங்கள்.

பெரிய குறை, இது பாதி வான் சிடோ மட்டுமே. மால்மோ மேடை இதில் இல்லை. நாற்பத்துச் சொச்ச வயதில் கிழப் பாதிரியாராக ஒப்பனை போட்டு நடித்த 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) இல்லை. பிழைப்புத் தேடி மகனோடு டென்மார்க் போகும் ஏழைக் கிழவனாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 'பெல்லே தி கான்கரர்' (1987) இல்லை. இரண்டாவது பரிந்துரை 82 வயதில், 'எக்ஸ்ட்ரீம்லி லவுட் அண்ட் இன்கிரெடிப்ளி க்ளோஸ்' (2011) படத்தில் ஒரு வார்த்தை பேசாத வேடத்துக்கு. அந்தப் படத்தையும் 'பெல்லே'யையும் தனியாகத் தேடி வாங்க வேண்டும். இவர் 2020 மார்ச்சில், 90 வயதில் காலமானார்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான். என் அம்மாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே போனேன். 'விர்ஜின் ஸ்பிரிங்' பாதிக்கு மேல் அதுவும் தேவைப்படவில்லை. 39 படமும் வேண்டாம் என்றால் 'செவன்த் சீல்', 'விர்ஜின் ஸ்பிரிங்', 'ஷேம்' மூன்றையும் தனித்தனி டிஸ்க்காக வாங்குங்கள், செலவு வெகுவாகக் குறையும். நாடகக் குழு வைத்திருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முழுப் பெட்டியையே வாங்கலாம்.