டிரெஸ்ஸாஜ் கற்க முதல் குதிரை: இளங்குதிரையா, வாத்தியார் குதிரையா?

நான் முதலில் வாங்கியது 4 வயது ஆண் குதிரை. காயடித்தது, சாதுவானது, பார்த்தவர்கள் நின்று பார்க்கிற நடை. இரண்டு வருடம் கழித்து அவனைக் கைமாற்றிவிட்டு, 16 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவளோடு இது மூன்றாவது வருடம். டிரெஸ்ஸாஜ் (லேசான சைகைகளாலேயே குதிரையை அளவான அசைவுகளுக்குப் பழக்கும் சவாரிக் கலை) கற்கப் போகிறேன், எந்தக் குதிரையை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் இப்போது நான் தயங்குவதில்லை. ஏற்கெனவே கற்று முடித்த, வயதான குதிரையைத் தேடுங்கள் என்கிறேன். ஸ்கூல்மாஸ்டர் என்று அதற்குப் பெயர். எனக்கு வாத்தியார் குதிரை என்று சொல்லத்தான் பிடிக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இளங்குதிரைக்கு முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன. நன்றாகப் பயிற்றினால் மதிப்பு ஏறும். வயதான குதிரையின் மதிப்பு வருடா வருடம் இறங்கும், ஒரு கட்டத்தில் விற்கவே முடியாது. இளசு மிரளும், துள்ளும். பழகியது அவ்வளவாக மிரளாது. தீவனம், லாயம், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தி லாடம் மாற்றுவது எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் இளங்குதிரைதான் மேல். நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் அவனை வாங்கினேன்.

நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கற்றுக்கொள்கிறவர் தினமும் தவறு செய்வார். அந்தத் தவறு எங்கே போய்த் தங்குகிறது?

குதிரைக்குப் பாடம் பதிவது அழுத்தம் நிற்கிற கணத்தில். காலால் விலாவை லேசாக அழுத்துகிறோம், அது முன்னே அடி வைக்கிறது, கால் உடனே தளர்கிறது. கேட்டது இதைத்தான் என்று குதிரைக்குத் தெரிவது அந்தத் தளர்வில். கொஞ்சம் தாமதித்துத் தளர்த்தினால், அந்த நேரத்தில் அது எதைச் செய்துகொண்டிருந்ததோ அதுவே பாடமாகிவிடும். தலையைத் தூக்கியிருந்தால் தலை தூக்குவது பாடம். முதுகை அமுக்கி ஓடியிருந்தால் அதுவும் பாடம். இளங்குதிரைக்கு முன்பாடம் எதுவும் கிடையாது. அதனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும், நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், நாம் எதையோ கற்பித்துக்கொண்டே இருக்கிறோம்.

என் தவறு வலது கையில் இருந்தது. வலப்பக்கம் கேன்டருக்கு, அதாவது மூன்று தாள ஓட்டத்துக்கு, போகும்போது, இடது காலைப் பின்னால் வைத்துக் கேட்கிற அதே கணத்தில், வலது லகானை என்னையறியாமல் இழுத்துவிடுவேன். ஒரு விரற்கடை அளவுகூட இருக்காது. போகச் சொல்லிக்கொண்டே நிறுத்துகிற மாதிரியான காரியம் அது. அவன் என்ன செய்வான்? முதலில் குழம்பினான். அப்புறம், கேன்டர் என்றால் வாயில் ஒரு வலி வரும், அதற்கு முன்பே கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டான். ஆறே மாதத்தில் என் கால் பின்னால் நகர்ந்தாலே தலை மேலே போய்விடும், முதுகு குழியும், பாதி நேரம் இடது முன்கால் முந்தும் தவறான காலில் கேன்டர் தொடங்கும். பயிற்சியாளர் ஏறினால் இருபது நிமிடத்தில் சரியாகும். நான் ஏறி மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். அவனிடம் ஒரு குறையும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்ற குதிரை அவன். இன்றும் அவனை நினைத்தால் எனக்கு அதுதான் வலிக்கிறது. அவனை வாங்கிக்கொண்ட அனுபவசாலிக்கு அந்த ஒரு பழக்கத்தை மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

பெட்டைக் குதிரையிடம் போன முதல் மாதத்திலும் என் கை அதே கைதான். 20 மீட்டர் வட்டம், வலப்பக்கம், கேன்டர் கேட்டேன். அவள் டிராட்டிலேயே, அதாவது அதைவிட மெதுவான இரண்டு தாள ஓட்டத்திலேயே, போனாள். மறுபடி கேட்டேன், டிராட். மூன்றாம் முறை கொஞ்சம் வேகமான டிராட். தலையும் தூக்கவில்லை, வாலும் அடிக்கவில்லை. எனக்குள் எரிச்சல் கிளம்பும்போது, “வலது கையை விடுங்க, அவ அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா” என்றார் பயிற்சியாளர். கையை ஒரு விரல் அளவு முன்னே கொடுத்தேன். அதே அடியில் கேன்டர். இளங்குதிரையின் மேல் அதே வாக்கியத்தை அவர் என்னிடம் நூறு முறை சொல்லியிருப்பார். காதில் விழுந்ததே தவிர உடம்புக்குப் போனதில்லை. கையை விட்டபோதும் அவன் தலையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். கை சரியா தவறா என்று அவனிடமிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சரியான கேள்விக்கு மட்டும் சரியான பதில் தருகிற குதிரை, நம் தவறைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஷோல்டர் இன் பயிற்சியிலும் இதே கதை. முன்கால்கள் சுவரிலிருந்து ஏறக்குறைய 30 பாகை உள்ளே தள்ளி வர, பின்கால்கள் சுவரோரமே நேராகப் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ராபிஷோன் தெ லா கெரினியர் என்ற பிரெஞ்சு ஆசான் வகுத்துத் தந்தது. இன்றும் டிரெஸ்ஸாஜின் உயிர்நாடி அதுதான். இளங்குதிரையில் நான் செய்துகொண்டிருந்தது வெறும் கழுத்து வளைப்பு. உள்பக்க லகானை இழுத்து மூக்கை உள்ளே கொண்டுவந்துவிட்டு, தோளும் வந்துவிட்டதாக நம்பியிருந்தேன். தோள் வெளியேதான் சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டைக் குதிரை கழுத்தை இழுத்தால் கழுத்தை மட்டும் தருவாள், நேராகவே நடப்பாள். வெளிப்பக்க லகானில் தோளைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, உள்காலால் கேட்ட அன்று ஆறு அடி தந்தாள். உள்பக்கப் பின்கால் என் எடைக்கு அடியில் வந்து ஊன்றுவதும், சேணத்துக்குக் கீழே முதுகு மேலெழுவதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு அடிதான். ஆனால் அன்றிலிருந்து எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

வியன்னாவில் இருக்கும் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியின் முறையும் இதுவே. 1565இலிருந்தே ஆவணங்களில் இடம்பெறும் பள்ளி அது. அங்கே புதிதாகச் சேரும் மாணவரை, பயிற்சி முடித்த லிப்பிசானர் இனக் குதிரையின் மேல்தான் ஏற்றுகிறார்கள். பயிற்சியாளர் நடுவில் நின்று குதிரையை வட்டமாகப் போகவிடும் லஞ்ச் கயிற்றின் முனையில், அங்கவடியும் லகானும் இல்லாமல், உட்காருவதை மட்டும் நீண்ட காலம் கற்கிறார். இளங்குதிரைகள் தேர்ந்த சவாரியாளர்களின் கையில் வளர்கின்றன. குதிரைக்கு ஏறக்குறைய நான்கு வயதில் தொடங்கும் பயிற்சி முழுமை பெற ஆறு வருடம் வரை ஆகும். அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறவர்களே, ஒன்றும் தெரியாத இருவரை ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

‘சேர்ந்தே வளரலாம்’ என்ற ஆசைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிராண்ட் ப்ரீ என்ற உச்ச நிலையில் சர்வதேசப் போட்டிக்குக் குதிரைக்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. மிகத் தேர்ந்தவர்கள் பயிற்றினாலும் அதற்கு முன்னால் உடம்பும் மனமும் தயாராகாது என்பதால்தான் அப்படி ஒரு வரம்பு. குதிரையின் முதுகெலும்பு முதிர்ந்து முடியவே 5, 6 வயது ஆகிவிடும். உட்கார்ந்து டிராட் பழக நினைக்கிற, இன்னும் தடதடவென்று குதிக்கிற ஒருவரை அந்த முதுகு தாங்கக் கூடாது. முதுகு வலித்தால் குதிரை அதைக் குழித்துக்கொள்ளும். தாளம், தளர்வு, வாயோடு மென்மையான தொடர்பு என்று ஜெர்மானியப் பயிற்சிப் படிநிலையில் முதலில் வரும் மூன்றுமே அங்கே உடைந்துவிடும். அதற்கு மேலுள்ள உந்துதல், நேர்த்தன்மை, ஒடுக்கம் (எடையைப் பின்கால்களில் ஏற்றிச் சுருங்கி நடப்பது) பற்றிப் பேசிப் பயனில்லை.

லண்டன் 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது வலெக்ரோ என்ற புகழ்பெற்ற டிரெஸ்ஸாஜ் குதிரைக்கு 10 வயது. இளசாக வந்து வளர்ந்த குதிரைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். தரையில் கார்ல் ஹெஸ்டர் என்ற தேர்ந்த பயிற்சியாளர் நின்றிருந்தார் என்பதும் உண்மை. அப்படி ஒருவர் தினமும் உங்கள் பக்கத்தில் இருந்தால், நான் இதுவரை சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

சரி, வாத்தியார் குதிரையின் குறைகள். பெரிய குறையை வாங்கிய நான்காம் மாதம்தான் தெரிந்துகொண்டேன்: அதன் படிப்பும் தேயும். பாடம் பலமாகப் பதிந்திருப்பதால் மெதுவாகத் தேயும், ஆனால் தேயும். ஒவ்வோர் அடிக்கும் காலால் குத்திக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. நிற்காத அழுத்தத்துக்கு அர்த்தம் இல்லை. அவள் காலைக் கேட்பதையே விட்டுவிட்டாள். வாங்கியபோது மூச்சு விட்டாலே முன்னே போனவள், தள்ளினாலும் நகராத குதிரையாகிக்கொண்டிருந்தாள். சரிசெய்ய ஆறு வாரம் ஆனது. முறை எளிமையானது, அதற்குப் பொறுமை வேண்டும்: லேசாக ஒருமுறை கால். பதில் இல்லையென்றால் உடனே சாட்டையால் தெளிவாக ஒரு தட்டு, அடியல்ல. முன்னே போனதும் கால், கை இரண்டையும் விட்டுவிட வேண்டும். துள்ளிப் பாய்ந்தாலும் இழுக்கக் கூடாது, முன்னே போனதற்கு நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் மறுபடி அதே லேசான கால். நான் செய்த கடினமான வேலை, அந்தக் காலை அமைதியாகத் தொங்கவிடக் கற்றதுதான்.

அதனால் வாரம் ஒருமுறையாவது பயிற்சியாளர் அவள்மேல் ஏறி, பாடத்தைத் துலக்கிவைக்கிறார். இந்தச் செலவையும் நேரத்தையும் சேர்க்காமல் வாத்தியார் குதிரை வாங்காதீர்கள். சேர்த்தாலும் என் கணிப்பில் இதுவே லாபம். இளங்குதிரைக்கு வாரத்தில் நான்கு நாளாவது அவர் தேவைப்பட்டிருப்பார். நான் இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

உடம்பு இன்னொரு குறை. வருடக்கணக்கில் பின்னங்காலில் எடை தாங்கிய குதிரைக்குப் பின்முழங்கால் மூட்டுகள் தேய்ந்திருக்கும். வாங்குமுன் கால்நடை மருத்துவர் மூட்டை மடக்கிப் பிடித்து, உடனே ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை அவசியம். அதைவிட எனக்கு உதவியது வேறு: லாயத்திலிருந்து வெளியே வருகிற முதல் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டேன். இன்னொரு குதிரையை அப்படிப் பார்க்கப் போனபோது, வியர்த்து, உடம்பு சூடேறி, சேணத்தோடு தயாராக நின்றது. திரும்பி வந்துவிட்டேன். இவள் குளிர்ந்த உடம்போடு வந்தபோது முதல் சில அடிகள் விறைப்பாகத்தான் இருந்தன. அதை யாரும் மறைக்கவில்லை, நடக்க நடக்கச் சரியானது. இன்றும் முதல் 15 நிமிடம் நீண்ட லகானில் நடைதான். நேரம் இல்லாத நாளில் அந்த 15 நிமிடம் மட்டுமே செய்துவிட்டு இறங்கிவிடுவேன்.

இளங்குதிரைக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். தரையில் நின்று ஒரு குதிரையின் காதையும் கண்ணையும் வாசிக்க எனக்குக் கற்றுத் தந்தது அவன். முதன்முதலில் லெக் யீல்டில் பக்கவாட்டில் இரண்டு அடி வைத்துவிட்டு, சரிதானே என்று காதைத் திருப்பிக் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தை எல்லாம் தெரிந்த குதிரை தராது. ஏற்கெனவே பத்து வருடம் சவாரி செய்து, நிலையான இருக்கையும் உடம்பின் ஆட்டத்தோடு ஆடாமல் தனித்து இயங்கும் கையும் உள்ளவர் என்றால் என் வாதம் வலுவிழக்கும். என் அனுபவம் ஒரு இளசு, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். கேன்டரிலேயே முந்தும் காலை மாற்றுகிற ஃப்ளையிங் சேஞ்சை, தொடராக இல்லாமல் ஒவ்வொன்றாகச் செய்கிறேன். பியாஃப், பாசாஜ் போன்ற உச்சநிலை அசைவுகள் எல்லாம் நான் எட்டாத இடங்கள்; அங்கே எந்தக் குதிரை உதவும் என்று பேச எனக்குத் தகுதி இல்லை.

அவளுக்கு இப்போது 18 ஆகிறது. கடந்த சில வாரமாகக் கேன்டர் நேரத்தைக் குறைத்து, நடையிலேயே ஷோல்டர் இன் கூட்டியிருக்கிறேன். நேற்று வலப்பக்கம், நடையிலிருந்து நேராகக் கேன்டர் கேட்டேன். என் கை முன்னே போனது எனக்கே தெரியவில்லை. அவள் கிளம்பிவிட்ட பிறகுதான் கவனித்தேன்.