80% ரீசைக்கிள்ட்னு சொல்லி விக்கிற பலகை, ஜிபிஐ ப்ராஜெக்ட் எடுத்திருக்கிற கான்ட்ராக்டர்ஸ் கவனம்

கேஎல், சிலாங்கூர் பக்கம் ஜிபிஐ (க்ரீன் பில்டிங் இண்டெக்ஸ், பசுமைக் கட்டடத்துக்குப் பாயிண்ட் போட்டுத் தர்றது) சர்டிஃபிகேட்டுக்குப் போற ப்ராஜெக்ட்ல இருக்கிற நம்ம ஆளுங்க, அதுலயும் சின்ன கம்பெனில க்யூஎஸ் (கட்டடச் செலவைக் கணக்குப் போடுற) வேலை பாக்குறவங்க, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. ஒரு சப்ளையர் எங்களை எழுத்துலயே பொய் சொல்லி ஏமாத்திட்டாங்க.

எங்க சைட் சுங்கை பீசி பக்கம், ஆபீஸ் கட்டடம். வெளிச்சுவருக்கும் மொட்டைமாடி டெக்குக்கும் டபிள்யூபிசி பலகை, அதான் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்றது, அது வேணும். சாதாரண பலகையை விட கால்வாசி விலை ஜாஸ்தி சொன்னாங்க, ஏன்னா 80% ரீசைக்கிள்டாம். சரி அதுல போஸ்ட்-கன்ஸ்யூமர் எவ்ளோ, ப்ரீ-கன்ஸ்யூமர் எவ்ளோன்னு முதல்லயே ஈமெயில்ல கேட்டேன். 60 போஸ்ட், 20 ப்ரீன்னு பதில் வந்துச்சு, கொட்டேஷன்லயும் அதையே போட்டுக் கொடுத்தாங்க. அதை வச்சுதான் பட்ஜெட் போட்டோம், பாதி காசு டெபாசிட்டும் கட்டினோம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்னா, மக்கள் பயன்படுத்தி முடிச்சுத் தூக்கிப் போட்டதுல இருந்து வந்தா (பழைய பாட்டில், பழைய இரும்பு மாதிரி) அது போஸ்ட், முழுசா கணக்குல வரும், தொழிற்சாலைக் கழிவுல இருந்து வந்தா அது ப்ரீ, பாதிதான் வரும். அந்த சதவீதத்தைப் பொருளோட விலையால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, ப்ராஜெக்டோட மொத்த மெட்டீரியல் மதிப்புல 10% தொட்டாதான் ஒரு பாயிண்ட். ஒரே ஒரு பாயிண்ட்தானேன்னு நினைக்காதீங்க, 76ல கோல்டு, 75ல சில்வர், நாங்க அந்த எல்லையிலதான் நிக்கிறோம்.

பலகை எல்லாம் சைட்ல இறங்கின பிறகு, ஃபேக்டரி டிக்ளரேஷனை ரொம்ப இழுத்தடிச்சு அனுப்பினாங்க. அதுல போஸ்ட்-கன்ஸ்யூமர்னு ஒண்ணுமே இல்ல. 30% மரமில்லுல இருந்து வாங்கின தூள், அது ப்ரீ. மீதி 50% என்னன்னா அவங்க ஃபேக்டரிலயே வெட்டி விழுந்த துண்டை அரைச்சு திரும்ப அதே மெஷின்ல போட்டது!! ஐஎஸ்ஓ 14021, அதான் ஒரு பொருளைப் பசுமைன்னு சொல்லி விக்கிறதுக்கான சர்வதேசத் தரம், இதை ரீசைக்கிள்ட் கண்டென்ட்னே ஒத்துக்காது, தெளிவா விலக்கி வச்சிருக்கு. அப்ப 100,000 ரிங்கிட் பலகைக்கு 70,000 கணக்குல வரும்னு நாங்க போட்டது வெறும் 15,000 ஆயிடுச்சு. ஜாஸ்தி கொடுத்த காசுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

போன் பண்ணா சேல்ஸ்மேன், "அக்கா, ரீசைக்கிள்ட்னா ரீசைக்கிள்ட்தான் லா, எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க"ன்னு சொல்றாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நீங்களே எழுதிக் கொடுத்த 60 எங்க போச்சுன்னு கேட்டேன், மேனேஜர்கிட்ட பேசுங்கன்னு வச்சிட்டாரு. மேனேஜர் அதுக்கப்புறம் போனே எடுக்கல. மீதிக் காசை நாங்க நிறுத்தி வச்சிருக்கோம், அதுக்கு மட்டும் லாயர் லெட்டர் கரெக்டா வந்துச்சு.

கன்ஸ்யூமர் ட்ரிப்யூனல் போகலாம்னு சில பேர் சொன்னாங்க, வியாபாரத்துக்கு வாங்கின பொருளை அவங்க எடுக்க மாட்டாங்க, அது சொந்த வீட்டுத் தேவைக்கு வாங்குறவங்களுக்குத்தான். 2011 ட்ரேட் டிஸ்கிரிப்ஷன்ஸ் சட்டத்துல, ஒரு பொருள்ல என்ன கலந்திருக்குன்னு பொய்யா சொன்னாலே குத்தம், அதை வச்சு உள்நாட்டு வாணிப அமைச்சுல புகார் கொடுத்திருக்கோம். அந்த ஈமெயிலும் கொட்டேஷனும்தான் எங்க கையில இருக்கிற ஆதாரம். வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டுல சொல்றதை நம்பி பட்ஜெட் போட்டுடாதீங்க, தயவுசெஞ்சு.

இப்ப விட்டதைக் கம்பியில பிடிக்கப் பாக்குறோம். ஒரு கான்கிரீட் கட்டடத்துல இரும்புக் கம்பிக்குப் போற காசு பெருசு, எலக்ட்ரிக் ஆர்க் ஃபர்னஸ்ல பழைய இரும்பை உருக்கிச் செஞ்ச கம்பின்னா ரீசைக்கிள்ட் அளவும் நிறைய இருக்கும். முதல்ல அங்கதான் கணக்குப் போடணும், அலங்காரப் பலகைக்கு ஜாஸ்தி காசு கொடுக்கிறதெல்லாம் கடைசிதான். ஆனா கம்பி மில் கொடுக்கிற சர்டிஃபிகேட்டை மட்டும் வாங்கி ஃபைல்ல போட்டுட்டு நிம்மதியா இருக்காதீங்க, அதுல ஹீட் நம்பர் (எந்தத் தடவை உருக்கினதுல வந்த கம்பின்னு காட்டுறது), கெமிஸ்ட்ரி, பலம் இதெல்லாம் இருக்கும், ரீசைக்கிள்ட் சதவீதம் இருக்காது, அதுக்கு மில்லோட டிக்ளரேஷன் தனியா கேக்கணும். சிமெண்டுல கலக்குற நிலக்கரிச் சாம்பலும் ப்ரீதான், பாதிதான் வரும்.

"சப்ளை அண்ட் இன்ஸ்டால்"னு ஒரே தொகையா கொட்டேஷன் வந்தா கூலியைத் தனியா பிரிச்சுத் தரச் சொல்லுங்க, மெட்டீரியல் விலைதான் கணக்கு. இனிமே எங்க பிஓல, போஸ்ட், ப்ரீ சதவீதத்தை ஃபேக்டரியே கையெழுத்து போட்டுக் கொடுத்தாதான் டெபாசிட், சொந்த ஸ்கிராப்பைச் சேர்க்கலன்னு அதுல எழுதியிருக்கணும், குறைஞ்சா ஜாஸ்தி வாங்கின விலையைத் திருப்பித் தரணும்னு போட்டிருக்கோம். அந்த வாசகம் வேணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.