உள்ளே ஆளா, வெளியே ஆளா: இரண்டு சமயச் சுவடித் தொகுப்புகள்

பல்கலைக்கழக நூலகத்தின் சமயச் சுவடித் தொகுப்புக்குப் பொறுப்பேற்பவர் சீக்கிரமே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். இருக்கிற காசில் சுவடி படிக்கத் தெரிந்தவர்களைச் சம்பளம் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொள்வதா? அல்லது பிற அரிய நூல்களோடு பத்திரமாக வைத்துவிட்டு, படிக்கிற வேலையை வந்துபோகும் ஆய்வாளர்களிடம் விடுவதா? முதல் வழிக்குக் கேம்பிரிட்ஜ், இரண்டாவதற்கு பர்மிங்ஹாம்.

கேம்பிரிட்ஜில் இருப்பது கெனிசா தொகுப்பு. கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்று, பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில் இருந்த பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். அந்த அறைதான் கெனிசா. (நம் ஊரில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டோம். அறை எவ்வளவோ மேல்!) 1896-97இல், கேம்பிரிட்ஜில் யூத இலக்கியம் கற்பித்த சாலமன் ஷெக்டர் அதில் இருந்ததை அள்ளிக்கொண்டு வந்தார். இன்றைய கணக்கில் சுமார் 1,93,000 துண்டுகள்.

ஷெக்டர் பெரிய அறிஞர்தான். ஆனால் அவருக்கு ஆர்வம் வேதநூலிலும் சமய இலக்கியத்திலும். முக்கியம் என்று பட்டதைப் பிரித்தெடுத்துவிட்டு 1902இல் நியூயார்க் போய்விட்டார். ஒதுக்கியது பெட்டிகளிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. 1950களில் கொய்டைன் என்ற வரலாற்றாளர் வந்து பார்த்தபோதுதான் அந்த மிச்சத்தின் அருமை தெரிந்தது. கெனிசாவில் அவர் தேடியது வணிகக் கடிதம், திருமண ஒப்பந்தம், கணக்குச் சீட்டு போன்றவற்றை. 12ஆம் நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்து மங்களூரில் தொழில் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரை இன்று நமக்குத் தெரிகிறது என்றால், இப்படிப்பட்ட சீட்டுகளால்தான். 1974இல் ஸ்டீபன் ரீஃப் தலைமையில் நூலகத்துக்குள்ளேயே கெனிசாவுக்கென்று தனி ஆய்வுப் பிரிவு வந்தது. அதன்பிறகுதான் எஞ்சிய துண்டுகளுக்கும் முறையாக ஒரு வழி பிறந்தது.

பர்மிங்ஹாமில் இருப்பது மிங்கானா தொகுப்பு. மோசூல் பக்கத்தவரான அல்போன்ஸ் மிங்கானா, சாக்லேட் முதலாளி எட்வர்ட் கேட்பரியின் பணத்தில் 1920களில் மத்திய கிழக்குக்குப் போய்ச் சேகரித்தவை, 3,000க்கும் மேல். இன்று பல்கலைக்கழகத்தின் பொதுவான சிறப்புத் தொகுப்பில் ஒரு பகுதி. அதில் இரண்டு குர்ஆன் தோலேடுகள், அவற்றைவிடப் பிந்தைய வேறொரு பிரதியின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்தன. முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த ஆல்பா ஃபெடெலி, இந்த இரண்டு ஏடுகளும் மற்ற ஏடுகளும் ஒருவர் கையெழுத்து இல்லையே என்று கவனித்தார். கார்பன் சோதனை அந்த இரண்டு ஏடுகளின் தோலின் காலத்தை 568க்கும் 645க்கும் இடையே வைத்தது (தோலின் காலத்தைத்தான், மையின் காலத்தை அல்ல). 2015இல் அறிவித்தபோது உலகம் முழுக்கச் செய்தி. பாரிஸில் உள்ள 16 ஏடுகளும் இதே பிரதியைச் சேர்ந்தவை என்கிறார்கள். அவை வந்ததும் ஃபுஸ்தாத்திலிருந்துதான், அங்குள்ள அம்ர் மசூதியிலிருந்து.

சரி, எது மேல்? பர்மிங்ஹாம் வழியில் செலவு குறைவு, எல்லாச் சமயமும் ஒரே கூரைக்குள். ஆனால் சரியான ஆள் சரியான கட்டைப் பிரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. என் ஓட்டு கேம்பிரிட்ஜுக்கு. ஆனால் 1974க்குப் பிந்தைய கேம்பிரிட்ஜுக்கு. உள்ளே அறிஞர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஷெக்டரே சாட்சி. தனக்குப் பிடித்ததை அறிஞரும் ஆழமாகப் படிப்பார், பிடிக்காததைப் பெட்டியில் போடுவார்.

'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாமே' என்பார்கள். பணம் தருபவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். நியூயார்க்கிலும் கேம்பிரிட்ஜிலும் பிரிந்து கிடக்கும் ஒரே கெனிசாக் கடிதத்தின் இரு பாதிகளை ஒட்டிப் பார்க்கப் படம் மாதிரி உதவி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் குர்ஆன் ஏடுகளைப் படமெடுத்து, எல்லாம் ஒரே பிரதி என்ற பழைய தலைப்பிலேயே இணையத்தில் போட்டிருந்தால், தப்பான தலைப்பு இன்னும் நாலு பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

என்னிடம் கொடுத்தால் முதல் இரண்டு வருடம் கேமராவைத் தொட மாட்டேன். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, உருப்படிக்கு ஒரு வரி எழுத வைப்பேன்: என்ன மொழி, தோலா தாளா, பின்பக்கம் எழுத்து உண்டா, எத்தனை பேர் கை. ஆழமான விவரணை அப்புறம். 'எத்தனை பேர் கை' என்ற கேள்விக்கு 'இரண்டு' என்று ஒருவர் எழுதியிருந்தால் போதும், அந்த ஏடுகள் அவ்வளவு காலம் ஒளிந்திருக்க முடியாது.