தொடுவதா, அமுக்குவதா, திருகுவதா? அடுப்படியிலிருந்து ஓர் அலசல்

எங்கள் வீட்டு மேடையில் மூன்று அடுப்புகள் இருக்கின்றன. குமிழ் திருகும் காஸ் அடுப்பு, பட்டன் வைத்த பழைய இண்டக்‌ஷன், போன வருஷம் வாங்கிய டச் இண்டக்‌ஷன். மூன்றிலும் பால் ஒரே மாதிரிதான் பொங்குகிறது. பொங்குகிற நொடியில் எதை அணைக்க முடிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

காஸ் அடுப்பில் கண் பாலின் மேல் இருக்கும், கை தானாகக் குமிழுக்குப் போய்விடும். ‘சிம்மில் வை’ என்றால் எவ்வளவு திருக வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரியும். பட்டன் அடுப்பில் 1600 வாட்டிலிருந்து 400க்கு இறங்க, கழித்தல் பட்டனை நாலைந்து தடவை அமுக்க வேண்டும். எரிச்சல்தான். ஆனால் விரலுக்கு அடியில் ‘டிக்’ என்று அமுங்குவதால் வேலை ஆனதா இல்லையா என்ற சந்தேகம் வராது.

டச் அடுப்பு வந்த வாரமே பால் வழிந்து பேனல் மேல் ஓடியது. ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். பீப் பீப் என்று கத்தி, டைமர் ஓடி, கடைசியில் தானே அணைந்தது. அன்றைக்கு அதைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன் மேல் தப்பில்லை. கண்ணாடிக்கு அடியில் சின்னதாக ஒரு மின்புலம் இருக்கிறது. விரல் வந்தால் அங்கே மின்தேக்கு அளவு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற திறன், மாறும். அந்த மாற்றத்தைத்தான் ‘தொட்டாச்சு’ என்று சர்க்யூட் எடுத்துக்கொள்கிறது. பாலும் ரசமும் ஈரத்துணியும் மின்சாரத்தைக் கடத்துகிறவை, ஆகவே அதன் கணக்கில் அவையும் விரல்தான். எது விரல் என்று குழம்பினால் பாதுகாப்புக்காக அணைந்துவிடும் மாடல்கள் உண்டு. சரி, சமையல் செய்கிற எந்தக் கை காய்ந்திருக்கும்?

துடைக்கிற சுகம் மட்டும் டச்சுக்குத்தான். இடுக்கு கிடையாது, ஒரே இழுப்பில் பளிச். பட்டன் அடுப்பில் ஆன் பட்டன் மேலிருந்த பிளாஸ்டிக் தோல் இரண்டு வருஷத்தில் வெடித்து, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இறங்கியது. தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் சுவிட்சை மாற்றிக் கொடுத்தார். டச் பேனல் கண்ணாடியில் விரிசல் விட்டால் அப்படிக் கைவைத்தியம் நடக்காது.

இதெல்லாம் சில்லறை விஷயம். எனக்கு உறைத்தது அம்மாவால். கண்புரை வந்த பிறகு, பட்டன் அடுப்பின் ஆஃப் பட்டன் மேல் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தார். விரலால் தடவிக்கொண்டே போவார், பொட்டு தட்டுப்பட்டதும் அமுக்குவார். டச் அடுப்பிலும் ஒன்று ஒட்டினோம். பொட்டைத் தேடி விரல் நகர்ந்த வழியெல்லாம் பீப். அதில் தேடுவதே அமுக்குவதாகிவிடுகிறது.

நம் வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பாருங்கள். நீலப் பட்டன்களை ஒட்டி பிரெய்ல் எண்கள் இருக்கும். பார்வையற்றவர் நிதானமாகத் தடவி எண்ணலாம், அமுக்குகிற வரை ஓட்டு விழாது.

தொடுதிரையால் இது முடியாது என்றில்லை. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்த வாய்ஸ்ஓவர் இதைத்தான் சரிசெய்தது. ஒரு தடவை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று பேசும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். நான் பார்த்த எந்த அடுப்பிலும் இந்த இரண்டு படி இல்லை.

கார்க்காரர்களுக்கும் இதே தலைவலி. 2022இல் ஸ்வீடனின் ‘வீ பீலேகாரே’ பத்திரிகை மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் கார்களை ஓட்டி, ஏசி, ரேடியோ மாதிரியான சில வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தது. பட்டன்கள் நிறைந்த 2005ஆம் வருஷத்து வால்வோ வி70இல் 10 வினாடி ஆனது. எம்ஜி மார்வெல் ஆர் தொடுதிரையில் 44.6 வினாடி. அதற்குள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்! இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாவிட்டால் 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு அறிவித்ததும் இந்தக் கவலையில்தான். ஆனாலும் அதே காரில் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிற சௌகரியத்தை எந்தக் குமிழும் தராது.

என் தேர்வைக் கேட்டால், கண் சும்மா இருக்கிற வேலைக்கு டச், கண் வேறெங்கோ இருக்கிற வேலைக்குப் பட்டன், கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிற வேலைக்குக் குமிழ். வயதானவர்கள் சமைக்கிற வீட்டுக்கு டச் அடுப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும்.

எங்கள் டச் அடுப்பு இப்போது மாடி அறையில் எனக்கு டீ போடுகிறது. அம்மாவிடம் பட்டன் அடுப்பு. எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் பொட்டு அடிக்கடி உதிர்ந்துவிடும். குளியலறைக் கண்ணாடியிலிருந்து இன்னொன்றைப் பிய்த்து வந்து ஒட்டிக்கொள்கிறார்.