வீட்டில் நான் ரொட்டி: கவிழ்த்த தவாவா, ஓடிஜியா?

கேஸ் அடுப்பும், பிடி வைத்த கனமான இரும்புத் தவாவும் இருந்தால் வீட்டில் நான் ரொட்டி சுட வேறு எதுவும் வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிஜி என்ற சிறிய மின்சார அவன், பீட்சா கல், எலக்ட்ரிக் தந்தூர் என்று வரிசையாகப் பணம் போட்டுவிட்டு, கடைசியில் விறைத்துப்போன ரொட்டியைக் குருமாவில் ஊறவைத்துச் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பலம் உண்டுதான். ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை.

தந்தூருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டு வழிகளை எடைபோட முடியும். நன்றாகச் சூடேறிய மண் தந்தூரின் சுவர் 400 டிகிரி செல்சியசைத் தாண்டும், சில சமயம் 480 வரைகூடப் போகும். மாவைக் கையால் தட்டி விரித்து, ஒரு துணித் திண்டின் மேல் போட்டு, பின்பக்கம் ஈரமாக்கி உள்சுவரில் சட்டென்று அறைவார்கள். அந்த ஈரம்தான் மாவைச் சுவரோடு பிடித்து வைக்கிறது. பின்பக்கத்தைச் சுடுமண் வேகவைக்கும் அதே நேரத்தில், முன்பக்கத்தை அடியில் உள்ள கரியின் அனலும் உள்ளே சுழலும் சூடான காற்றும் வேகவைக்கின்றன. ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் வெந்துவிடுவதால் மாவில் உள்ள தண்ணீர் வெளியேற நேரமே கிடைப்பதில்லை. மேலே கருகிய புள்ளி, உள்ளே ஈரமான மென்மை என்ற அந்தச் சேர்க்கை இப்படித்தான் வருகிறது. ஆக, நாம் பார்க்க வேண்டியது இதுதான்: எந்தச் சாதனம் இரண்டு பக்கமும் சீக்கிரம் சூடு கொடுக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சாபில்கூட வீட்டுக்கு வீடு தினமும் நான் சுடுவதில்லை. கிராமங்களில் சாஞ்சா சூல்ஹா என்ற பொதுத் தந்தூருக்குப் பெண்கள் மாவு கொண்டுபோய்ச் சுட்டு எடுத்து வந்தது பெரும்பாலும் கோதுமை மாவு ரொட்டிதான். மைதா நான் என்பது இந்தியாவில் அரண்மனை, விருந்து, கடை என்று வளர்ந்த பண்டம். அதனால் நம் அடுப்பில் இதைச் செய்ய ஒரே ஒரு "அசல் முறை" இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நன்றாக வருகிறதா என்பதுதான் கேள்வி.

தவாவைக் கவிழ்ப்பது

செய்முறை எளிது. இரும்புத் தவாவை நான்கைந்து நிமிடம் பெரிய தீயில் காயவிட வேண்டும். தெளித்த தண்ணீர் விழுந்ததும் உருண்டு மறைய வேண்டும். விரித்த மாவின் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, அந்தப் பக்கம் கீழே வரும்படி போடுங்கள். அரை நிமிடத்துக்குள் மேலே சின்னச் சின்னக் குமிழாக எழும்பும். அடிப்பக்கம் தவாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தவாவைப் பிடியோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, தீக்கு மேலே இரண்டு மூன்று அங்குல உயரத்தில் காட்டி மெதுவாகச் சுற்றுங்கள். குமிழ்களின் உச்சி முதலில் பழுப்பாகும், அப்புறம் கருக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் கரிந்து ஓரம் பச்சையாக நிற்கும், அதனால் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆகிவிடும். தோசைத் திருப்பியை ஓரத்தில் நுழைத்துத் தள்ளினால் கழன்று வந்துவிடும்.

இதன் பலம் வெளிப்படையாகத் தெரியும். சூடான உலோகம் ஒரு பக்கம், நேரடித் தீ மறுபக்கம். தந்தூரின் வேலையை இரண்டு பகுதியாகப் பிரித்துச் செய்கிறோம். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடிவதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. கரிவாசனை வராது. கடை நானிடம் தோற்கும் ஒரே இடம் அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தவாவில் எண்ணெய் இருக்கவே கூடாது. இருந்தால் மாவு ஒட்டாமல், கவிழ்த்ததும் நேரே பர்னரில் விழும். எண்ணெய் குடித்துப் பழகிய தோசைக்கல் இதற்கு ஆகாது. நான் சரியாக ஒட்டாது என்பது ஒரு பக்கம். தண்ணீரும் மாவும் போட்டுச் சுரண்டிய கல்லில் அடுத்த நாள் தோசை எழும்பாது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். சப்பாத்திக்கு என்று வைத்திருக்கும் தவாதான் சரி. நான்ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். அந்தப் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து புகைவிட ஆரம்பிக்கும். வெறும் தவாவைப் பெரிய தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் அந்தச் சூட்டை எட்டிவிடலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் கவிழ்க்கும் வித்தை நடக்காது. அங்கே கனமான வார்ப்பிரும்புக் கல்லைச் சூடாக்கி, மாவைப் போட்டதும் ஒரு நிமிடம் மூடிவைத்து, பிறகு திருப்பிப் போட்டு ஓரங்களை அழுத்தி விடலாம். மென்மையாக வரும், ஆனால் கருகிய குமிழ் குறையும். அங்கே அதுதான் கிடைக்கும் நல்ல வழி.

ஓடிஜி

சாதாரண வீட்டு ஓடிஜியின் உச்சம் 230 முதல் 250 டிகிரி. தந்தூரின் பாதிச் சூடு. இதில் மாவைச் சாதாரண பேக்கிங் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், நிறம் வருவதற்குள் எட்டுப் பத்து நிமிடம் ஓடிவிடும். அதற்குள் ஈரம் போய்விடும். வெளியே எடுத்ததும் நன்றாகத்தான் இருக்கும், ஆறினால் வளைக்க வராது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பீட்சா கல்லையோ, பிளாஸ்டிக் பிடி இல்லாத கனமான இரும்புக் கல்லையோ மேல்தட்டில் வைத்து உச்சச் சூட்டில் முப்பது நாற்பது நிமிடம் காயவிட்டு, மேல் கம்பி சிவந்து எரியும்போது மாவை நேரே அதன் மேல் போட்டால் நான்கைந்து நிமிடத்தில் வெந்துவிடும். சூடான கல் மேல் ரொட்டி சுடுவது ஒன்றும் புதிது இல்லை. ஈரானின் சங்கக் ரொட்டியை அடுப்புக்குள் பரப்பிய கூழாங்கற்களின் மேல்தான் சுடுகிறார்கள். கல் சேமித்து வைத்த சூட்டை மாவுக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடும், வெறும் காற்றால் அது முடியாது.

ஆனால் கணக்குப் பாருங்கள். ஆறு நான் சுட நாற்பது நிமிடம் சும்மா எரியவிட வேண்டும். அதிலேயே ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் போய்விடும். ஒருமுறைக்கு இரண்டுதான் கொள்ளும், ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும்போது சூடு இறங்கும். ஏப்ரல், மே மாதச் சென்னைச் சமையலறையில் இந்த வேதனையை யாரும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. நேரடித் தீ முன்னால் நிற்கப் பயப்படுபவர்களுக்கும், பன்னீரோ உருளைக்கிழங்கோ அடைத்த கனமான குல்ச்சா செய்பவர்களுக்கும் ஓடிஜி உண்மையிலேயே உதவும். உள்ளே மசாலா அடைத்தது கவிழ்த்த தவாவில் எடை தாங்காமல் கழன்று விழுந்துவிடும்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவும் ஏர்ஃபிரையரும் போட்டியிலேயே இல்லை. பெரும்பாலும் 200, 220 டிகிரிக்கு மேல் போகாது. போதாததற்கு உள்ளே விசிறி வேறு சுழன்று இருக்கிற ஈரத்தையும் உலர்த்திவிடும்.

ப்ரஷர் குக்கரின் உள்சுவரில் மாவை ஒட்டி, மூடியில்லாமல் தீமேல் கவிழ்த்து வைக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சுவரில் ஒட்டுவதால் பார்க்கத் தந்தூர் போலவே இருக்கும், இரண்டு மூன்றை ஒன்றாகவும் சுடலாம். இருந்தாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. தண்ணீரில்லாமல் காயவைக்க அந்தப் பாத்திரம் செய்யப்படவில்லை. அலுமினியம் நெளியும், பிடி கருகும், வாய் கொஞ்சம் வளைந்தாலும் அப்புறம் மூடி சரியாக உட்காராது. தினமும் அழுத்தம் ஏற்றும் பாத்திரத்தோடு இந்த விளையாட்டு தேவையில்லை.

ஈஸ்ட்டா, சோடாவா

சாதனத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு மாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுவையில் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது.

ஆப்ப சோடாவும் புளித்த தயிரும் சேர்ந்தால் உடனே வாயு கிளம்பும். அது வேதிவினை, காத்திருக்க வேண்டியதில்லை. 300 கிராம் மைதாவுக்கு 100 முதல் 120 கிராம் தயிர், கால் தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி உப்பு, தேவையான தண்ணீர். பிசைந்து ஒரு மணி நேரம் மூடிவைத்தால் போதும். தயிர் புளிக்காமல் இருந்தாலோ, சோடா கூடிப்போனாலோ ரொட்டி மஞ்சளாகி, நாக்கில் சோப்புத் தண்ணீர் வாசனை அடிக்கும். விருந்தாளி வந்த பிறகு மாவு பிசைபவர்களுக்கு இந்த வழிதான் கைகொடுக்கும். மென்மை கிடைக்கும். வாசனை மட்டும் வெறும் தயிர் வாசனைதான்.

ஈஸ்ட் வேறு ரகம். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று வாயுவோடு சேர்த்துச் சாராய வகைகளையும் அமிலங்களையும் உண்டாக்குகிறது. ரொட்டி வாசனை என்று நாம் சொல்வது பெரும்பகுதி அதுதான். மெதுவாகப் பொங்கும் நேரத்தில், மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் தளர்ந்து, மாவு இழுத்த இழுப்புக்கு வரும். 300 கிராம் மைதாவுக்கு 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 75 கிராம் தயிர், 120 முதல் 130 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அதே அளவு உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இதில் ஆறு நான் வரும். தண்ணீர் விரல் பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும், 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். ஐரோப்பியக் குளிருக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து இரண்டு மணி நேரம் விட்டால் புளித்து அமுங்கிப்போகும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவின் அளவைப் பாருங்கள்.

என் ஓட்டு ஈஸ்ட்டுக்கு. அதிலும் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் சுடுவது இன்னும் மேல். குளிரில் ஈஸ்ட் மந்தமாகி, சுவை சேர நேரம் கிடைக்கிறது. சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து உருட்டிவைத்தால் போதும்.

எந்த வழியானாலும் மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். கையில் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவுவதுதான் வீட்டு நானைக் கெடுக்கும் முதல் காரியம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிசையுங்கள். விரிக்கும்போதும் சப்பாத்திக் கட்டையை ஓரம்வரை அழுத்தி ஓட்டினால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய்விடும். நடுவில் மட்டும் லேசாக ஓட்டி, மீதியைக் கையால் இழுத்தால் குமிழ் நன்றாக வரும்.

மைதாவா, கோதுமை மாவா என்று கேட்டால் பதில் சுருக்கம்தான். முழுக் கோதுமை மாவில் உள்ள தவிடு குளூட்டன் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அது நான் போல உப்பி இழுபடாது. கோதுமை மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் தந்தூரி ரொட்டியாகவே செய்யுங்கள். அது தன்னளவில் அருமையான பண்டம், மைதாவைப் போல நடிக்கத் தேவையில்லை. நடுவழி வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குவரை கோதுமை மாவு கலக்கலாம், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பத்துப் பேருக்கு மேல் என்றால் தவாவை மட்டும் நம்பி நிற்க முடியாது, கை கடுத்துவிடும். அப்போது இரண்டு தவா வைத்து, ஒன்றில் மாவு ஒட்டிக் குமிழ் எழும்பும்போது மற்றொன்றைத் தீயில் கவிழ்க்கலாம். சுட்டதைத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் அடுக்கினால் அரை மணி நேரம் தாங்கும். கருஞ்சீரகத்தையும் கொத்தமல்லியையும் சுடுவதற்கு முன்பே மேல்பக்கம் அழுத்திவிடலாம். பூண்டு மட்டும் வேண்டாம், நேரடித் தீயில் கரிந்து கசக்கும். பொடியாக நறுக்கிய பூண்டை வெண்ணெயில் இளஞ்சூட்டில் வதக்கிவைத்து, ரொட்டி தவாவிலிருந்து இறங்கிய கையோடு தடவுங்கள்.