ராஜபார்ட் உடையும் கால்மிதி தையல் இயந்திரமும்: ஒரு நீண்ட கால அனுபவம்

பழங்கால உடைகளை வாடிக்கையாளரின் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தைத்துக் கொடுப்பது காரைக்குடியில் என் தொழில். பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையின் பெரும்பகுதியை, நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு இரும்பு உடல் கொண்ட கால்மிதி இயந்திரத்திலேயே செய்து வருகிறேன். பக்கத்திலேயே மோட்டாரில் ஓடும் பவர் மெஷின் ஒன்றும் இருக்கிறது. ஒரே உடைக்கு இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, கனமான அலங்கார உடையில் வேகம் பெரும்பாலும் தொல்லைதான் என்பது.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. பங்குனி பிறந்துவிட்டால் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகங்களுக்கு ராஜபார்ட் (அரசன் வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) உடைகள் கேட்டு வருவார்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் திருமணப் படம் எடுக்க வருபவர்களுக்கு அப்பத்தா காலத்து ரவிக்கை வேண்டும். எப்போதாவது கல்லூரி மாணவர்கள் ஆங்கில நாடகம் போட்டால் விக்டோரியா காலக் கவுன் தைக்க வேண்டியிருக்கும். பள்ளி விழாக்களுக்கு வேலுநாச்சியார் உடை உண்டு. பெற்றோர் பலரும் 2008-இல் வெளியான அவரது அஞ்சல்தலையின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அவ்வளவு சிறிய படத்திலிருந்து தோள் தையல் எங்கே விழுகிறது, பட்டி எத்தனை அங்குலம் என்று கணிப்பது தைப்பவர் பாடு.

ராஜபார்ட் உடைதான் இயந்திரத்துக்கு உண்மையான சோதனை. மேலே வெல்வெட், நடுவில் கேன்வாஸ், உள்ளே பருத்தி லைனிங், ஓரத்தில் ஜரிகைப் பட்டி என்று நான்கு அடுக்குகள் சேரும். கழுத்திலும் தோளிலும் அவை மடிந்து இரட்டிப்பாகும். வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால், இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்துத் தைத்தால் மேல்துண்டு மெல்ல நழுவிக்கொண்டே போய், தையல் முடியும் இடத்தில் கால் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு, துணியை அழுத்தும் பாதத்தின் அழுத்தத்தை மேலேயுள்ள திருகைத் தளர்த்திக் குறைத்துவிட்டுத்தான் இயந்திரத்தில் வைக்க வேண்டும். சாதாரணப் பருத்திக்கு 14 எண் ஊசி போதும். வெல்வெட்டும் கேன்வாஸும் சேரும் இடத்துக்கு 16, பட்டி மடியும் முனைக்கு 18.

அந்த முனைக்கு வரும்போதுதான் கால்மிதியின் அருமை தெரியும். மிதியை விட்டுவிட்டு, வலக்கையால் சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கலாம். ஊசி எந்த அடுக்கில் தடுமாறுகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டார் பொருத்திய பவர் மெஷினில் காலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று தையல் கூடுதலாக ஓடிவிடும். சம்கி வைத்த பட்டியில் அந்த இரண்டு தையலே ஊசியை முறித்துவிடும். மிதிக்கும்போது மட்டும் சுழலும் சர்வோ மோட்டாருக்கு மாறினால் இந்தக் குறை பெருமளவு தீரும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் மாலையில் மின்சாரம் போய், மறுநாள் நாடகம் என்றால், கால்மிதிதான் கைகொடுக்கும்.

ஜரிகை நூலை மேலே ஊசியில் கோத்துத் தைக்க முயல்பவர்கள் அது பிரிந்து, சுருண்டு, அறுந்து போவதைப் பார்த்திருப்பார்கள். ஊசிக்கண்ணிலும் மேலே நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளிலும் அந்த நூல் திரும்பத் திரும்ப உரசுவதே காரணம். நான் ஜரிகை நூலை, அடிநூல் சுற்றும் பாபினில் கையால் சுற்றி, மேலே சாதாரண நூலைக் கோத்து, துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்துத் தைக்கிறேன். அப்போது ஜரிகை அடியில், அதாவது உடையின் முகப்பில், வளையாமல் படிந்து வரும். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸின் சிறு திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இதற்கென்றே தனியாக ஒரு பாபின் கேஸ் வைத்திருப்பது நல்லது, இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பழைய இறுக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பழைய ரவிக்கைகளின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே துணி மெல்லியது. 1890களின் நடுவில் ஐரோப்பாவில் உச்சத்துக்குப் போன, தோளில் பலூன் போல் உப்பி முழங்கைக்குக் கீழே ஒட்டி வரும் கை நம் ஊர் ரவிக்கைகளிலும் புகுந்தது. அதை மல் துணியில் தைக்க வேண்டியிருக்கும். நேர்த்தையல் இயந்திரத்தின் தட்டில் ஊசி இறங்கும் துளை சிறியது என்பதால் மல் துணி உள்ளே இழுபடுவதில்லை. ஜிக்ஜாக் இயந்திரத்தின் அகலத் துளையில் முதல் தையலிலேயே துணி சிக்கிக்கொள்ளும். கையின் மேல் விளிம்பில் நீளத் தையலாக இரண்டு வரிசை போட்டு, பாபின் நூலை மட்டும் இழுத்தால் சுருக்கம் சீராக வரும். இதோடு உடுத்தப் பலரும் கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவருகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு வெளியூர்க்காரர்களும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அதில் ரவிக்கைத் துணி வெட்டுவதென்றால் முதலில் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். கைத்தறிப் பருத்தி சுருங்கும், அடர் நிறம் முதல் அலசலில் கொஞ்சம் இறங்கும். கட்டங்கள் தோளில் பொருந்தும்படி வெட்டுவதற்குக் கூடுதல் துணி பிடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வீண் சண்டையைத் தவிர்க்கும்.

ஆடைகளில் ஜிப் பரவலானது 1930களில்தான். ஆகவே அதற்கு முந்தைய காலத்து உடையில் கொக்கியும் கயிறும் பொத்தானுமே சரி. படம் எடுப்பவர்களுக்கு அப்படித்தான் தைப்பேன். நாடகக்காரர்களிடம் இந்த வாதம் எடுபடாது. "அண்ணே, அடுத்த காட்சிக்கு ரெண்டு நிமிசத்துல உடுப்பு மாத்தணும், ஊக்கு மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று ராஜபார்ட் ஒருவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முகப்பில் பொய்ப் பொத்தான்களை வைத்து உள்ளே ஒட்டும் பட்டையைத் தைத்துக் கொடுத்தேன். பல மணி நேரம் மேடையில் நின்று பாடுபவரின் வசதி, வரலாற்றுத் துல்லியத்தைவிட முக்கியம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கால்மிதியின் குறைகளையும் சொல்ல வேண்டும். என்னுடைய பழைய மாடலில் பின்தையல் வசதி இல்லை. தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் துணியைத் திருப்பித் தைக்கவோ நூலைக் கையால் முடியவோ வேண்டும். தோல் பெல்ட் நாளாக ஆகத் தளரும்; கொஞ்சம் வெட்டிக் கம்பியால் மீண்டும் இணைக்க வேண்டும். கவுனின் பாவாடைப் பகுதி, லைனிங் போன்ற நீண்ட நேர்த்தையல்களைக் கால்மிதியில் தைப்பது முழங்காலுக்குத் தண்டனை. அவற்றுக்கு நான் பவர் மெஷினில்தான் உட்காருகிறேன். எண்ணெய் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை விட்டால் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மெஷின் ஆயில்தான் விட வேண்டும், விட்ட பிறகு கழிவுத் துணியில் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டே பட்டுத் துணியை வைக்க வேண்டும்.

இந்த வேலைக்காகப் பழைய இயந்திரம் வாங்குபவர்கள் மேலே பூசிய பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எங்கும் இடறாமல் சுழல வேண்டும். ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஒற்றை மல் துணியிலும், அடுத்து நான்காக மடித்த கேன்வாஸிலும், திருகுகளை அதிகம் தொடாமல் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாகப் பாபின் கேஸைக் கழற்றி, நூல் வெளிவரும் வாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஜரிகையும் மாட்டும். மற்றவை சரியாக இருந்தால் அதற்காக மட்டும் இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பாபின் கேஸ் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.